வகுப்பில் 40 லேப்டாப்: மூடியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 2011-இல் விலையில்லா மடிக்கணினி வரத் தொடங்கியதிலிருந்து, "எல்லார் கையிலும் லேப்டாப் இருக்கே, அதை வைத்துப் பாடம் நடத்துங்களேன்" என்று சொல்வது எளிதாகிவிட்டது. நடத்துகிறவருக்குத்தான் தெரியும், அங்கே முதலில் தொலைவது நேரம் என்று. பாடவேளை 40 நிமிடம். ஹார்டு டிஸ்க்கும் 2 ஜிபி ரேமும் உள்ள பழைய லேப்டாப்பில் விண்டோஸ் எழுந்து நிற்கவே மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஒரே வகுப்பில் எல்லாம் ஒரே வயது லேப்டாப்பாகவும் இருக்காது. அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியதைத் தம்பி தூக்கிக்கொண்டு வருவான். ஒன்றில் பாஸ் லினக்ஸ் திறக்கும், ஒன்றில் விண்டோஸ் 7, இன்னொன்றில் விண்டோஸ் 10. "சார், எனக்கு அப்டேட் ஓடுது" என்று ஒரு குரல் எப்படியும் வரும்.

அதனால் பாடவேளையின் முதல் வேலை லேப்டாப்பை ஆன் செய்வதுதான், வருகைப் பதிவு அதற்குப் பிறகு. பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் பெரும்பாலானவை தயாராகிவிடும். ஆனவுடன் மூடியைப் பாதி சாய்த்துவிட வேண்டும். ஐந்தாறு நிமிடம் கரும்பலகையில் விளக்கம், அதன் பிறகு திறந்து 20 நிமிட வேலை, கடைசி ஐந்து நிமிடம் கோப்பைச் சேமித்து அனுப்ப. இவ்வளவுதான் 40 நிமிடத்தில் அடங்கும். இதற்கு மேல் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாளாவது அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கிடைக்கும்படி கால அட்டவணையை மாற்றிக்கொள்வது நல்லது. ஐந்து நாளும் அரைகுறையாகத் திறப்பதைவிட ஒரு நாள் 80 நிமிடம் திறப்பதில்தான் வேலை நடக்கும்.

பாதி சாய்ப்பதற்குக் காரணம் உண்டு. முழுவதும் மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். திரும்ப எழுப்பி, பாஸ்வேர்டு அடித்து, விட்ட இடத்துக்கு வர ஒரு நிமிடம் போகும். பழைய லேப்டாப் சில நேரம் எழாமலே கறுப்புத் திரையில் நின்றுவிடும். "மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றிவிட்டால் போச்சு" என்று சில ஆசிரியர்கள் மாற்றிவிடுகிறார்கள். அது தப்பு. பிள்ளைகள் ஷட்டவுன் செய்யாமல் அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பைக்குள் காற்றில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், வீடு போய்ச் சேரும்போது அடிப்பாகம் கொதிக்கும், பேட்டரியும் காலி. செட்டிங்கைத் தொடாமல் "மூடி பாதி" என்று ஒரு கட்டளையைப் பழக்குவதே போதும். திரை கண்ணில் படாத அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும், லேப்டாப் தூங்கவும் கூடாது. முதல் வாரம் இதை மட்டும் நாலைந்து முறை ஒத்திகை பார்த்துவிட்டால், பிறகு தொண்டை வறள வேண்டியதில்லை.

எங்கே நிற்பது என்பதும் மாறுகிறது. கரும்பலகை அருகே நின்றால் தெரிவது 40 மூடிகளின் முதுகு. திரைகள் தெரிய வேண்டுமென்றால் வகுப்பின் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். விளக்கும்போது முன்னால், வேலை நடக்கும்போது பின்னால். இது பிள்ளைகளைச் சந்தேகப்படுகிற வேலையில்லை. கனடாவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் மட்டுமல்ல, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களின் மதிப்பெண்ணும் குறைந்ததைக் காட்டியது. மூன்றாம் வரிசையில் ஒருவன் கிரிக்கெட் விளையாட்டைத் திறந்தால் பாதிக்கப்படுவது நான்காம் வரிசை.

பெஞ்சு இன்னொரு சிக்கல். 14 அங்குல லேப்டாப் ஒன்று ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் அகலம். ஒரு மேசைக்கு மூன்று பேர் என்றால் ஒரு மீட்டருக்கு மேல் லேப்டாப்பே பிடித்துக்கொள்ளும். நோட்டு வைக்க இடமிருக்காது, ஸ்கேல் கீழே விழும், தண்ணீர் பாட்டில் கீபோர்டு மேல் கவிழும். எழுத்து வேலையும் சேர்ந்த பாடமென்றால் இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் திறந்தால் போதும். மற்றது பையிலேயே இருக்கட்டும். ஒருவர் கீபோர்டில், மற்றவர் நோட்டில். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற வேண்டும். மாறவில்லையென்றால் வேகமாக டைப் அடிக்கிறவரே கடைசி வரை அடித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருக்கிறவர் வேடிக்கை பார்ப்பார். எல்லாரிடமும் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் திறந்தாக வேண்டியதில்லை. லேப்டாப்பை மறந்துவிட்டு வந்தவர், பழுதுக்குக் கொடுத்தவர், சொல்ல முடியாத காரணத்தால் லேப்டாப்பே வீட்டில் இல்லாமல் போனவர் என்று எந்த வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். ஜோடி முறையில் அவர்களை யாரும் தனியாகக் கேள்வி கேட்க வேண்டிய நிலை வராது.

கரண்ட் விஷயத்தில் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. சார்ஜரின் மேல் பெரும்பாலும் 65 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கும். 40 சார்ஜர் என்றால் 2,600 வாட்ஸ். சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,380 வாட்ஸ் வரைதான். பழைய கட்டடங்களில் ஃபேன், லைட், பிளக் மூன்றும் ஒரே லைனில் ஓடும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் சொருகி, அதில் மற்றொன்றைச் சொருகினால், சுவரில் இருக்கும் முதல் பிளக் சூடாகி உருகத் தொடங்கும். கரண்ட் போய் வரும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும்: எல்லா சார்ஜரும் ஒரே நொடியில் மின்சாரத்தை இழுப்பதால், வாட்ஸ் கணக்கு சரியாக இருந்தும் எம்சிபி (லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். அப்போது சார்ஜர்களையெல்லாம் கழற்றிவிட்டு, எம்சிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும்.

நடைமுறையில் சரிப்பட்டு வருவது இதுதான்: சார்ஜ் போடுவது வீட்டு வேலை. வகுப்பில் பின்சுவரை ஒட்டி ஆறு பாயிண்ட் பாக்ஸ் இரண்டு, வெவ்வேறு பிளக்கிலிருந்து. 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் அன்று அங்கே போய் உட்கார வேண்டும். வயர் நடைபாதையில் குறுக்கே போகக் கூடாது. கால் தடுக்கி விழுந்தால் பிள்ளைக்கும் அடி, சார்ஜர் முனையும் உடையும். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் போடவே கூடாது. எர்த் இல்லாமல் போகும்போது, லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்று லேசாக ஷாக் அடிக்கும். பெரும்பாலும் அது சார்ஜருக்குள்ளிருந்து வரும் மிகச் சிறிய கசிவுதான். ஆனால் கெட்டுப்போன சார்ஜரும் இப்படித்தான் தொடங்கும், தொட்டுப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளையிடம் அந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்தது கோப்பு. 40 பேருக்கு ஒரு கோப்பை எப்படிக் கொடுப்பது? பென் டிரைவ் ஒன்று வகுப்பைச் சுற்றி வந்தால் பாடவேளை முடிந்துவிடும். கூடவே வைரஸும் சுற்றி வரும். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் பழைய வைரஸ் இன்னும் ஒழியவில்லை. அந்த ஷார்ட்கட்டைத் தட்டினால்தான் அது அடுத்த லேப்டாப்பில் ஏறும். தட்டாமல், மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி மாற்றிப் பார்த்தால், உள்ளே பெயரில்லாத ஒரு கோப்புறையில் பாடங்கள் பத்திரமாக இருக்கும்.

இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஒரு வைஃபை ரவுட்டர் போதும். ஆசிரியரின் லேப்டாப்பை அதில் இணைத்து, ஒரு கோப்புறையைப் பகிரலாம். பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவியிருந்தால், அதோடு வரும் எச்டிடிபி சர்வரை (கோப்புகளைப் பிரவுசருக்குக் கொடுக்கும் நிரல்) ஒரே வரிக் கட்டளையில் ஓட்டலாம். பிள்ளைகள் பிரவுசரில் ஆசிரியர் லேப்டாப்பின் ஐபி முகவரியையும் 8000 என்ற போர்ட் எண்ணையும் அடித்தால் கோப்புப் பட்டியல் வந்துவிடும். எடுக்கத்தான் முடியும், யாரும் அழிக்க முடியாது என்பது இதில் உள்ள நிம்மதி. வரவில்லையென்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் ஃபயர்வால்தான். புது வைஃபையை விண்டோஸ் "பப்ளிக்" என்று எடுத்துக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஆசிரியர் லேப்டாப்பில் அதை "பிரைவேட்" என்று மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-இன் ஹாட்ஸ்பாட்டில் எட்டுக் கருவிகளுக்கு மேல் சேராது, அதை நம்ப வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ரவுட்டரும் 15, 20 லேப்டாப்புக்கு மேல் திணறும். வரிசை வரிசையாக இணைத்து, எடுத்து முடித்தவர்கள் விலகிவிட வேண்டும்.

எந்த அளவு கோப்பை வகுப்பில் கொடுக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் எல்லாருக்கும் சேர்த்து நொடிக்கு 30 மெகாபிட், அதாவது 4 எம்பிக்குச் சற்றுக் குறைவாக, கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 2 எம்பி பிடிஎஃப் 40 பேருக்குப் போக 20 நொடிக்குச் சற்று மேல். அதுவே 100 எம்பி வீடியோ என்றால் ஏறக்குறைய 18 நிமிடம். ஆகவே பயிற்சித்தாள் வகுப்பில், வீடியோ முந்தின நாள் மாலையில். வீடியோவை எல்லாரும் ஒன்றாகப் பார்க்க வேண்டியதென்றால் புரொஜெக்டரில் ஒரு தடவை ஓட்டுவதே மேல். 40 ஸ்பீக்கரில் இரண்டு நொடி முன்பின்னாக ஒரே குரல் வந்தால் அதற்குப் பெயர் பாடமில்லை.

திரும்ப வாங்கும்போது கோப்பின் பெயர்தான் உயிர். வகுப்பு, வரிசை எண், தலைப்பு என்ற ஒரே வடிவம். வரிசை எண் இரண்டு இலக்கமாக இருக்கட்டும்: 7 என்று போடாமல் 07. இல்லாவிட்டால் சில கணினிகளில் 1, 10, 11, 2 என்று வரிசை கலைந்து நிற்கும். வேலையைத் தொடங்கும் முன்பே, கோப்பு காலியாக இருக்கும்போதே பெயர் போட்டுச் சேமித்துவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் சேமிக்கச் சொன்னால் "அன்டைட்டில்டு 1" என்று பன்னிரண்டு கோப்பு வரும், யாருடையது என்று சாமிக்குத்தான் தெரியும்.

தமிழில் கேள்வித்தாள் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எழுத்துரு மாற்றும் செயலியில் போட்டு எடுத்தபின், நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளும் உளறிப்போயிருக்கும்; அவற்றைக் கையால் திருத்தியே ஆக வேண்டும். பிள்ளைகள் போனில் ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடித்துப் பழகியவர்கள். தமிழ் 99 விசைப்பலகையைக் கட்டாயப்படுத்தாமல் ஒரு முறை காட்டினால் போதும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் "அம்மா" வந்துவிடும், புள்ளி தானாக விழும். அதைப் பார்த்துச் சிலர் தாங்களாகவே மாறிக்கொள்வார்கள்.

சரி, அந்த 20 நிமிடத்தில் என்ன செய்வது? பெரு நாட்டில் ஊரகப் பள்ளிகளுக்கு லேப்டாப் கொடுத்ததை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கருவியைக் கொடுத்தார்கள், பாடம் மாறவில்லை. பாடப்புத்தகத்தின் பிடிஎஃப்பைத் திரையில் படிக்கச் சொன்னால் இங்கும் அதுதான் கதி. புத்தகம் கையில் இருக்கிறது, அதற்குச் சார்ஜும் வேண்டாம். காகிதத்தில் முடியாத வேலையைத்தான் லேப்டாப்பில் கொடுக்க வேண்டும்: ஒவ்வொருவரும் தன் அளவீட்டைப் போட்டு, தப்பு செய்து, ஒரு நொடியில் திருத்தி, மறுபடி பார்க்கிற வேலை.

பதினோராம் வகுப்புத் தனி ஊசல் இதற்கு நல்ல உதாரணம். நூல் நீளம் 40, 50, 70, 100 சென்டிமீட்டர். நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். சிறிய கோணத்தில் விட்டு, 20 அலைவுக்கான நேரம் எடுத்தால் ஏறக்குறைய 25.4, 28.4, 33.6, 40.1 நொடி வரும். லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணைச் செயலியில் முதல் பத்தியில் நீளம் மீட்டரில், இரண்டாவதில் நேரம், மூன்றாவதில் நேரத்தை 20-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தியது. அது 1.61, 2.02, 2.82, 4.02 என்று இருக்க வேண்டும். நீளம் கிடை அச்சில், அலைவு நேரத்தின் வர்க்கம் செங்குத்து அச்சில் வைத்து வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வால் நான்கு பை வர்க்கத்தை (4π²) வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ ஒட்டி வரும்.

இங்கேதான் "மிஸ், எனக்கு மட்டும் வளையுது!" என்ற குரல் கேட்கும். போய்ப் பார்த்தால் லைன் சார்ட் போட்டிருப்பார்கள். லைன் சார்ட்டுக்கு 40, 50, 70, 100 என்பவை எண்கள் இல்லை, நான்கு பெயர்கள். அவற்றைச் சம இடைவெளியில் வைத்துவிடும். உயரம் மட்டும் 0.4, 0.8, 1.2 என்று ஏறுவதால் கோடு மேல்நோக்கி வளையும். எக்ஸ்ஒய் ஸ்கேட்டர் என்று மாற்றியவுடன் நேராகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லித் தடுக்கக் கூடாது. வளைந்த படத்தையும் நேரான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அச்சில் 50-க்கும் 70-க்கும் நடுவே எவ்வளவு இடம், 70-க்கும் 100-க்கும் நடுவே எவ்வளவு" என்று கேட்டால் போதும். அளவுகோல் என்றால் என்ன என்பது அன்றைக்குப் புரிந்தது மறக்காது. நீளங்களை 40, 60, 80, 100 என்று சம இடைவெளியில் எடுத்தால் இந்தத் தப்பு வெளியே தெரியாமலே போய்விடும். அதனால்தான் 50-ம் 70-ம்.

விடையின் எண்ணே நடந்த தப்பைச் சொல்லிக் கொடுத்துவிடும். 980-ஐ ஒட்டி வந்தால் நீளத்தைச் சென்டிமீட்டரில் அடித்திருக்கிறார்கள். 39 வந்தால் போய் வருவதை ஓர் அலைவாக எண்ணாமல், ஒவ்வொரு பக்கம் போவதையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள்: அலைவு நேரம் பாதியாகி, வர்க்கம் கால் பங்காகி, விடை நான்கு மடங்காகிவிட்டது. எண்ணுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வந்தால், கட்டத்துக்குள் "25.4 நொடி" என்று அலகையும் சேர்த்து அடித்திருப்பார்கள். எண் என்றால் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடப்பக்கம். தூரத்திலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். இந்த அடையாளங்களைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால், ஆசிரியரைக் கூப்பிடாமல் பிள்ளைகளே தங்கள் தப்பைத் தேடிப் பிடிப்பார்கள்.

கணக்கில் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இதே வேலையைச் செய்யும். இன்ஸ்டால் கோப்பை ஒருமுறை கொடுத்துவிட்டால் இன்டர்நெட் வேண்டாம்.

காப்பி அடிப்பதைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேள்வியை ஒட்டி, வந்ததை அப்படியே கொண்டு வருவார்கள். ஊசல் போலத் தன் அளவீடு இருக்கிற வேலையில் இது எடுபடாது. கட்டுரை வேலையில் லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் கோப்பு விவரத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் திருத்தப்பட்டது என்று இருக்கும். இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒரு நிமிடம் என்றால் பேச்சுக்கு இடமிருக்கிறது. அதை வைத்துத் தண்டிக்க வேண்டாம். நோட்டில் எழுதி, பிறகு அடித்தவருக்கும் குறைவாகத்தான் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்து "இந்தச் சொல்லை ஏன் போட்டாய், இந்த இரண்டாவது பத்தியை முதலில் வைத்தால் என்ன ஆகும்" என்று இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

பொதுத்தேர்வு கையால் எழுதுவதுதான். பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள், நியாயமும்கூட. அதனால் லேப்டாப் வகுப்பு நடந்த அன்று, முடிவையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் ஐந்து வரி கையால் எழுதாமல் மணி அடிக்கக் கூடாது. சார்ட்டைப் பார்த்து வரைபடத்தாளில் அளவுகோலோடு வரைவதை வீட்டு வேலையாகக் கொடுக்கலாம்.

பழுது பார்ப்பது ஆசிரியர் வேலையில்லை என்றாலும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பாடவேளை மிஞ்சும். வைஃபை இருந்தும் எந்த இணையதளமும் திறக்காமல் "பாதுகாப்பில்லை" என்று வந்தால், வலது மூலையில் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய் ஆண்டு பின்னால் போயிருக்கும். தேதியைச் சரிசெய்தால் திறக்கும்; கடையில் 2032 பேட்டரி ஒன்று மாற்றினால் நிரந்தரமாகத் தீரும். மெதுவாக ஓடுகிறது என்றால் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள், வீட்டில் எல்லாரும் பார்க்கிற சினிமா அதில்தான் நிறைந்திருக்கும். அவற்றை டி டிரைவுக்கு நகர்த்தினால் போதும், அழிக்கச் சொல்லாதீர்கள். அந்த லேப்டாப் வீட்டுக்கும் சொந்தம். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் நடுவில் புடைத்திருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அமுக்கக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, அன்றே அணைத்து, பேட்டரியைக் கடையில் கழற்றிவிட வேண்டும்.

மே மாத விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று: உபயோகிக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில், தூக்கத்தில் விடாமல் முழுக்க ஷட்டவுன் செய்து, ஓட்டு வீடானால் பரணில் போடாமல் கீழே நிழலில் வைக்க வேண்டும். முழுதாகத் தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் கிடக்கும் பேட்டரி ஜூனில் சார்ஜே ஏறாமல் போகலாம், அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் பின்சுவர் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும்.